அளவுகோலுக்கு ஜாதி கிடையாது

(ஒரு கிராமத் தேகப்பயிற்சிக் கழகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இந்தக் கழகத்தின் ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று நம்மைக் கேட்டபோது, விளையாட்டைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது என்றுதான் முதலில் யோசித்தோம். நாம் ஓட்டக்காரரும் அல்ல, பந்தாட்டக்காரரும் அல்ல. ஆனால் இன்று மாலை உங்கள் பந்தயங்களைப் பார்த்தபோது நமக்கு ஒரு சந்தோஷம் ஏற்பட்டது. தாண்டிய தூரத்தை நாடா பிடித்து அளந்தீர்கள். ஓட்டத்துக்குக் கெடியாரம் வைத்திருந்தீர்கள். அளந்ததை எல்லோர் காதிலும் விழும்படி உரக்கப் படித்தீர்கள். இது சின்ன சங்கதி என்று நீங்கள் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. ஆகவே இதைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்துகொண்டோம்.

சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் நடந்த பொங்கல் விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தோம். 100 மீட்டர் ஓட்டத்தில் இரண்டு பிள்ளைகள் மார்போடு மார்பாகக் கோட்டைத் தாண்டினார்கள். ஒருவன் ஊர்த் தெருப் பிள்ளை. மற்றவன் சேரிப் பிள்ளை. கோட்டின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஊர்த் தெருப் பிள்ளைதான் முதல் என்று சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் ஓர் இளைஞர் அந்த ஓட்டத்தைத் தம் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தார். அதை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாமே என்று அவர் கேட்டார். அதற்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? "பெரியவங்க சொன்னதுக்கு அப்புறம் பொட்டியைப் பார்க்கிறது மரியாதை இல்லை" என்பதாகும். அந்தச் சேரிப் பிள்ளையின் தகப்பனாரோ, மகன் தோளைத் தட்டி, "விடுடா, ரெண்டாவதா வந்தேன்னு சொன்னாங்களே, அதுவே போதும்" என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

தோழர்களே! அந்தப் பிள்ளைதான் ஜெயித்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. ஜெயித்தானா தோற்றானா என்பது நமக்குத் தெரியாது. அங்கிருந்த யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி கையில் இருந்தும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவு செய்தார்களே, அதுதான் நாம் சொல்லும் அக்கிரமம். "அதுவே போதும்" என்று ஒரு தகப்பன் சொல்லும்படியாக எத்தனை தலைமுறை பழக்கப்பட்டிருந்தால் அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாய் வாயில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணும் கெடியாரமும்

இது ஏதோ பட்டிக்காட்டு வழக்கம் என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். உலகப் பெரும் பந்தயமாகிய ஒலிம்பிக்கிலேயே இப்படி நடந்திருக்கிறது. 1960-ஆம் வருஷம் ரோம் நகரத்தில் 100 மீட்டர் நீச்சல் பந்தயம் நடந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் டெவிட் என்பவரும், அமெரிக்காவைச் சேர்ந்த லான்ஸ் லார்சன் என்பவரும் ஏறக்குறைய ஒன்றாகவே சுவரைத் தொட்டார்கள். முதலாவது வந்தவர் யார் என்று பார்க்க 3 நடுவர்கள், இரண்டாவது வந்தவர் யார் என்று பார்க்க 3 நடுவர்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள். முதலாவதைப் பார்த்த மூவரில் இருவர் டெவிட் என்றார்கள். இரண்டாவதைப் பார்த்த மூவரில் இருவரும் அதே டெவிட் என்றார்கள்! அதாவது 6 பேரில் 3 பேர் கணக்குப்படி டெவிட் முதல், 3 பேர் கணக்குப்படி லார்சன் முதல்.

சரி, கெடியாரம் என்ன சொல்லிற்று? ஒவ்வொருவருக்கும் 3 பேர் கெடியாரம் பிடித்திருந்தார்கள். டெவிட்டுக்கு மூன்றிலும் 55.2 விநாடி. லார்சனுக்கு 55.0, 55.1, 55.1 விநாடி. மூன்று கெடியாரத்தில் ஒன்றுகூட டெவிட் முதல் என்று சொல்லவில்லை. ஆனாலும் தலைமை நடுவர் டெவிட்டுக்கே வெற்றி என்றார். அதோடு விடவில்லை. லார்சன் குறைந்த நேரத்தில் வந்து இரண்டாவது ஆனார் என்று எழுதினால் உலகம் சிரிக்கும் அல்லவா? அதற்காக லார்சனுடைய நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதினார்கள். முறையீடு செய்தும் பயன்படவில்லை. தங்கப் பதக்கம் டெவிட்டிடமே இருந்துவிட்டது.

இதில் டெவிட் மீது குற்றம் ஒன்றுமில்லை. அவர் நீந்தினார், தீர்ப்புச் சொன்னவர்கள் வேறு. நடுவர்கள் லஞ்சம் வாங்கினார்கள் என்றும் நாம் சொல்லவில்லை. அவர்கள் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். தண்ணீர் கொந்தளிக்கும் இடத்தில், இரண்டு கைகள் ஒரே சமயத்தில் சுவரைத் தொட்டால், எவ்வளவு யோக்கியமான மனிதனுடைய கண்ணும் ஏமாறத்தான் செய்யும். அயோக்கியன் வேண்டுமென்று பொய் சொல்லுவான். யோக்கியன் தெரியாமல் பொய் சொல்லுவான். தோற்றவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகையால் யோக்கியமானவர்களை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று நம்புவது போதாது. யோக்கியனுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு புத்தி வந்தது. நீச்சல்காரன் கை பட்டவுடன் தானே கெடியாரத்தை நிறுத்தும் பலகையைச் சுவரில் பதிக்க ஏற்பாடு செய்தார்கள். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் அது உபயோகத்துக்கு வந்தது. அந்தப் பலகை யார் கை, எந்த நாட்டுக் கை, என்ன நிறத்துக் கை என்று கேட்பதில்லை. கை பட்டதா இல்லையா, எப்போது பட்டது என்ற இரண்டே கேள்விதான் அதற்குத் தெரியும்.

எண்ணத் தெரியாததால் வந்த வினை

அளப்பது என்றால் நாடாவும் கெடியாரமும் மட்டுமல்ல. ஒழுங்காய் எண்ணுவதும் அளப்பதுதான். 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் 3,000 மீட்டர் பந்தயத்தில், சுற்றுகளை எண்ண வேண்டியவர்கள் எண்ணத் தவறிவிட்டார்கள். ஓடியவர்கள் எல்லோரும் ஒரு சுற்று அதிகமாய் ஓடினார்கள். முதலில் வந்த பின்லாந்துக்காரர் இஸோ-ஹொல்லோவுக்கு அதனால் நஷ்டமில்லை. ஆனால் உண்மையான 3,000 மீட்டர் முடிந்த இடத்தில் இரண்டாவதாக இருந்த அமெரிக்கரான ஜோ மெக்ளஸ்கி, ஓட வேண்டாத அந்தச் சுற்றில் இங்கிலாந்துக்காரரான ஈவன்ஸனிடம் பின்தங்கி மூன்றாவதாகிவிட்டார். பல வருஷம் பாடுபட்டவனுடைய பலனை, விரல்விட்டு எண்ண மறந்த ஒருவர் ஒரு நிமிஷத்தில் மாற்றிவிட்டார்.

1981-ல் நியூயார்க் மாரத்தான் ஓட்டத்தில் ஆல்பர்ட்டோ ஸலாஸார் என்பவர் 2 மணி 8 நிமிஷம் 13 விநாடியில் ஓடி, உலகத்திலேயே யாரும் இவ்வளவு சீக்கிரம் ஓடினதில்லை என்று பேர் வாங்கினார். பிறகு அந்தப் பாதையை மறுபடியும் அளந்து பார்த்தார்கள். இருக்க வேண்டிய 42.195 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 150 மீட்டர் குறைவாக இருந்தது! ஓடியவர் மீது தப்பு இல்லை. ஆனாலும் அந்தச் சாதனையை எடுத்துவிட்டார்கள். கொண்டாடியாகிவிட்டதே, மாலை போட்டாகிவிட்டதே என்று விட்டுவிடவில்லை. இப்போதெல்லாம் பெரிய மாரத்தான் பாதைகளை, சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில் போய் அளக்கிறார்கள். அந்தச் சைக்கிளையே முதலில் எஃகு நாடாவால் அளந்த தூரத்தில் ஓட்டிச் சரிபார்க்கிறார்கள். அப்படியும் பாதை குறைந்துபோகக் கூடாது என்று 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் கூட்டியே போடுகிறார்கள்.

இதைக் கவனியுங்கள் தோழர்களே. அளப்பவனையும் அளக்கிறார்கள், அளவுகோலையும் அளக்கிறார்கள். நமது நாட்டிலோ அந்தக் காலத்துப் பண்ணையில் கூலி அளந்து கொடுக்க ஒரு மரக்கால், குத்தகை அளந்து வாங்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மரக்காலைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கக் கூலிக்காரனுக்கு வாய் இல்லை. ஆகையால் அளவுகோல் இருந்தால் மட்டும் போதாது. அது எல்லோருக்கும் ஒன்றாய் இருக்க வேண்டும். பந்தயத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். தப்பு என்று கண்டால் திருத்திக்கொள்ளக் கூடியதாய் இருக்க வேண்டும். இந்த நான்கும் இல்லாத அளவுகோல், அளவுகோல் அல்ல. அது பெரியவர் கையில் உள்ள தடிதான்.

தன் எல்லையை ஒப்புக்கொள்ளும் அறிவு

இன்னொரு சங்கதி சொல்லுகிறோம். 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சல் ஒன்றில் ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் லார்சன் என்பவரும், அமெரிக்காவைச் சேர்ந்த டிம் மெக்கீ என்பவரும் ஒன்றாய் வந்தார்கள். (இவர் முன்சொன்ன லார்சன் அல்ல, வேறொருவர்.) விநாடியை 100 பங்காக்கிப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. 1,000 பங்காக்கிப் பார்த்தார்கள். ஸ்வீடன்காரருக்கு 4 நிமிஷம் 31.981 விநாடி, அமெரிக்கருக்கு 4 நிமிஷம் 31.983 விநாடி. ஆயிரத்தில் 2 பங்கு விநாடியில் ஒருவருக்குத் தங்கம், ஒருவருக்கு வெள்ளி.

ஆஹா, எவ்வளவு நுட்பமான அளவு என்று நாம் ஆச்சரியப்படுவோம். ஆனால் அறிவுள்ளவர்கள் அங்கே ஒரு கேள்வி கேட்டார்கள். அந்த நேரத்தில் நீச்சல்காரன் எவ்வளவு தூரம் போவான்? 400 மீட்டருக்கு சுமார் 272 விநாடி என்று கணக்குப் போட்டால், ஆயிரத்தில் 2 பங்கு விநாடியில் சுமார் 3 மில்லிமீட்டர்தான் போவான். நீச்சல் குளத்தைக் கட்டும் கொத்தனாரும் ஓடு பதிப்பவரும் ஒரு பாதைக்கும் இன்னொரு பாதைக்கும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லாமல் 50 மீட்டர் நீளத்துக்குக் கட்ட முடியுமா? முடியாது. அப்படியானால் கெடியாரம் காட்டிய வித்தியாசம் நீந்தியவனுடைய திறமையின் வித்தியாசமா, சுவரின் வித்தியாசமா என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே இனி 100-ல் ஒரு பங்கு விநாடிக்கு மேல் பார்ப்பதில்லை, அதற்குள் சமமாய் வந்தால் இருவருக்கும் பரிசு என்று விதியைத் திருத்தினார்கள். அதன்படியே 1984-ல் பெண்களுக்கான 100 மீட்டர் நீச்சலில் காரி ஸ்டைன்ஸைபர், நான்ஸி ஹாக்ஸ்ஹெட் என்ற இருவரும் 55.92 விநாடியில் வந்து இருவருமே தங்கம் பெற்றார்கள். 2016-ல் ரியோவில் ஒரு நீச்சலில் மைக்கேல் பெல்ப்ஸ், சாட் லெ க்ளோஸ், லாஸ்லோ செஹ் என்ற மூவர் 51.14 விநாடியில் வந்து மூவரும் வெள்ளி பெற்றார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? உண்மையான அளவு, தன்னால் எதுவரை சொல்ல முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். "இதற்கு மேல் நமக்குத் தெரியாது" என்று சொல்ல அது வெட்கப்படாது. நம் ஜோசியர்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாழிகை, விநாழிகை என்று அவர்களும் நுட்பமாய்த்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொன்னால் வாக்கியப் பஞ்சாங்கம் வேறொரு நேரம் சொல்லுகின்றது. எது சரி என்று சோதிக்க ஒரு பந்தயம் வைத்ததுண்டா? சொன்ன பலன் நடக்காமல் போனபோது, "எங்கள் அளவு தப்பு, திருத்திக்கொள்ளுகிறோம்" என்று எந்த ஜோசியராவது சொன்னதுண்டா? "உன் கர்மம், உன் ஜாதகத்தில் தோஷம்" என்று பழியை உங்கள் தலையில் போடுவார்கள்.

நல்ல நேரத்தில் நம்பிக்கை உள்ளவர்களை ஒன்று கேட்கிறோம். ஓட்டப் பந்தயத்தில் 8 பேர் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ஒரே துப்பாக்கி வெடிக்கிறது. ஒரே முகூர்த்தம், ஒரே லக்கினம். அந்த நேரம் நல்ல நேரமானால் 8 பேரும் ஜெயிக்க வேண்டும். ராகு காலமானால் 8 பேரும் தோற்க வேண்டும். ஆனால் ஒருவன் ஜெயிக்கிறான், 7 பேர் தோற்கிறார்கள். ஆகவே வெற்றி தோல்வியை நிர்ணயிப்பது நேரமா, காலா? நீங்களே சொல்லுங்கள்.

நமக்கு விரோதமாக இருந்தாலும்

அளவை ஒப்புக்கொள்வது என்றால், அது நமக்கு அனுகூலமாய் இருக்கும்போது மட்டும் ஒப்புக்கொள்வதல்ல. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில், கேரளத்துப் பய்யோலியைச் சேர்ந்த பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடினார். ருமேனியாவைச் சேர்ந்த கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41 விநாடியில் ஓடி மூன்றாவது இடத்தைப் பெற்றார். 100-ல் ஒரு பங்கு விநாடி. சராசரி வேகத்தில் கணக்குப் பார்த்தால் சுமார் 7 சென்டிமீட்டர். நமது உள்ளங்கை அகலத்துக்கும் குறைவு. அதனால் பதக்கம் போயிற்று. நமக்கு வருத்தம் இல்லையா என்றால் இருக்கின்றது. ஆனால் அந்த வருத்தத்தில் ஒரு மானம் இருக்கின்றது. யாரும் நம்மை ஏமாற்றவில்லை. படம் இருக்கின்றது, எண் இருக்கின்றது. தோற்றது எவ்வளவில் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை எவ்வளவு முந்த வேண்டும் என்று தெரியும். பொங்கல் விழாவில் தோற்ற அந்தப் பிள்ளைக்கு இந்த மானம்கூடக் கிடைக்கவில்லையே என்பதுதான் நமது வருத்தம்.

நிறம், ஜாதி, பெண்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1936-ல் ஹிட்லர் ஆண்ட ஜெர்மனியில், பெர்லின் நகரத்தில் ஒலிம்பிக் நடந்தது. வெள்ளைத் தோலில், அதிலும் ஆரிய ரத்தத்தில் பிறந்தவன்தான் உயர்ந்தவன் என்று அரசாங்கமே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலம். அங்கே ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற கறுப்பு இளைஞர் வந்தார். அடிமைகளாய் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளை. 100 மீட்டரை 10.3 விநாடியில் ஓடினார். 200 மீட்டரை 20.7 விநாடியில் ஓடினார். 8.06 மீட்டர் நீளம் தாண்டினார். தொடர் ஓட்டத்தையும் சேர்த்து 4 தங்கம் பெற்றார். மணலில் பிடித்த நாடா ஜெர்மனியில் செய்ததாகவே இருக்கட்டும், ஹிட்லர் மேடையில் இருந்து பார்த்ததாகவே இருக்கட்டும், 8.06 மீட்டரை 7 மீட்டர் என்று காட்ட அந்த நாடாவால் முடியவில்லை.

ஆனால் அதே ஓவன்ஸ் தம் சொந்த நாட்டுக்குத் திரும்பினபோது என்ன நடந்தது? நியூயார்க்கில் ஒரு பெரிய ஓட்டலில் அவருக்கே நடத்திய வரவேற்புக்கு, சாமான் ஏற்றும் லிப்டில் போக வேண்டியதாயிற்று. ஓட்டல் வாசலில் நாடா இல்லை அல்லவா!

அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நம் நாட்டில் பல்வங்கர் பாலு என்று ஒருவர் இருந்தார். தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானத்தைச் சீர்செய்யும் வேலை பார்த்தவர். அங்கே வெள்ளைக்காரர்களுக்குப் பந்து போட்டுப் போட்டே கைதேர்ந்தார். ஜெயிக்க வேண்டும் என்பதற்காக பூனா ஹிந்துக்கள் அவரைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் தொட்ட பந்தை அவர்களும் தொட்டார்கள், தீட்டு வரவில்லை. ஆனால் தேநீர் வேளையில் மட்டும் அவருக்குக் கட்டடத்துக்கு வெளியே, எறிந்துவிடக்கூடிய மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். பந்தில் ஒட்டாத தீட்டு பீங்கானில் ஒட்டிக்கொள்ளுமாம்!

1911-ல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கிரிக்கெட் கட்சியில் பாலு 114 விக்கெட் எடுத்தார். கணக்குப் புத்தகத்தில் அது ஏறிற்று. அதை யாராலும் அழிக்க முடியவில்லை. ஆனால் பம்பாயில் ஆடிய ஹிந்துக்கள் கட்சிக்கு அவரைத் தலைவராக்கினார்களா? கடைசி வரையில் ஆக்கவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923-ல் அந்த ஸ்தானத்துக்கு வர முடிந்தது. அவர் தலைமையில் ஹிந்துக்கள் கட்சி ஐரோப்பியர் கட்சியை ஜெயித்தது.

ஏன் இப்படி? விக்கெட்டை எண்ண முடியும். தலைமைக்கு யோக்கியதை என்பதை எண்ண முடியாது. அது நான்கு பெரிய மனிதர்களுடைய அபிப்பிராயம். எண்ண முடிந்த இடத்தில் ஜாதி தோற்றுப்போயிற்று. எண்ண முடியாத இடத்தில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் எந்தக் கட்சிக்கு, எந்த வேலைக்கு ஆள் தெரிந்தெடுக்கும்போதும், "அளவெல்லாம் எதற்கு, எங்களுக்குத் தெரியாதா?" என்று யாராவது சொன்னால், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த லினா ராட்கே 2 நிமிஷம் 16.8 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். கெடியாரம் சொன்னது அது. ஆனால் பத்திரிகைகள் என்ன எழுதின? பெண்கள் களைத்து மயங்கி விழுந்தார்கள், பெண் தேகத்துக்கு இது ஆகாது என்று எழுதின. ஓடி முடித்த ஆண் தரையில் படுத்தால் வீரன். பெண் படுத்தால் பலவீனம்! கெடியாரத்தின் பேச்சைக் கேட்காமல் பத்திரிகையின் பேச்சைக் கேட்டு, 1960 வரையில் அந்த ஓட்டமே பெண்களுக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் கிடைக்க 1984 வரையில் ஆயிற்று. அந்த முதல் ஓட்டத்தில் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிஷம் 52 விநாடியில் வந்தார். 1896-ல் முதல் ஒலிம்பிக் மாரத்தானில் ஜெயித்த ஆண்மகனாகிய ஸ்பிரிடான் லூயிஸ், இதைவிடக் குறைந்த தூரத்துக்கு எடுத்துக்கொண்டது 2 மணி 58 நிமிஷத்துக்கு மேல். பெண்ணால் ஆகாது என்று சொன்னவர்கள் அளந்து பார்த்துச் சொல்லவில்லை. அளக்க விடாமல் தடுத்துவிட்டுச் சொன்னார்கள்.

கருவியும் கடவுள் அல்ல

"அப்படியானால் கடவுளை எடுத்துவிட்டுக் கருவியைக் கும்பிடச் சொல்லுகிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. கருவியும் மனிதன் செய்ததுதான், அதுவும் தவறும். 1968-ல் மெக்ஸிகோவில் பாப் பீமன் என்ற கறுப்பு இளைஞர் நீளம் தாண்டினார். தூரத்தை அளக்க அங்கே புதுவிதமான கருவி ஒன்று தண்டவாளத்தில் நகரும்படி வைத்திருந்தார்கள். அவர் விழுந்த இடத்துக்கு அந்தத் தண்டவாளம் எட்டவில்லை! இவ்வளவு தூரம் ஒரு மனிதன் தாண்டுவான் என்று கருவி செய்தவர் நினைக்கவில்லை. என்ன செய்தார்கள்? பழைய எஃகு நாடாவைக் கொண்டுவந்து அளந்தார்கள். 8.90 மீட்டர். அதுவரையிலிருந்த உலக சாதனையைவிட 55 சென்டிமீட்டர் அதிகம்.

கருவிக்கு எட்டாதபோது கருவியை மாற்றினார்கள். மனிதனுடைய தாண்டலை வெட்டிக் குறைக்கவில்லை. நம் சாஸ்திரக்காரர்களோ, சாஸ்திரத்துக்கு எட்டாமல் ஒருவன் வளர்ந்தால், அவன் காலையும் நாக்கையும் வெட்ட வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அளவுகோலுக்கும் சாஸ்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஆகவே இந்தக் கழகத்து இளைஞர்களுக்குச் சில காரியங்களைச் சொல்ல ஆசைப்படுகிறோம். ஓடும் தூரத்தைக் காலடியால் அளக்காதீர்கள். எஃகு நாடாவால் அளவுங்கள். ஒருவருக்கு ஒரு கெடியாரம் போதாது, மூன்று வையுங்கள். கெடியாரம் பிடிப்பவர் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அமுக்கக் கூடாது. புகையைப் பார்த்து அமுக்க வேண்டும். ஏனென்றால் சத்தம் ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்பவர் காதில் விழ ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். அதற்குள் நல்ல ஓட்டக்காரன் முழு வேகத்தில் 3 மீட்டர் போய்விடுவான். கையால் கெடியாரம் பிடிப்பதில் தவறு வரும் என்பதனால்தான் 1977 முதல் 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களின் உலக சாதனைகளுக்கு, தானே ஓடித் தானே நிற்கும் மின்சாரக் கெடியாரத்தின் நேரத்தை மட்டுமே ஒப்புக்கொள்ளுகிறார்கள். உங்களுக்கு அவ்வளவு பணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் செல்போன் இல்லாத வீடு இன்று அபூர்வம். அதைக் கோட்டுக்கு நேராக, அசையாமல் நிறுத்தி வைத்துப் படம் பிடியுங்கள். சந்தேகம் வந்தால் எல்லோர் முன்னாலும் போட்டுப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் இருவருக்கும் முதல் பரிசு கொடுங்கள். ஒரு குடம் அதிகமாய் வாங்குவதால் கழகம் ஏழையாகிவிடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கப் பழகுங்கள். "எவ்வளவு? எதால் அளந்தீர்கள்? நானும் பார்க்கலாமா?" இந்த மூன்று கேள்வியையும் மைதானத்தில் கேட்கப் பழகிய பிள்ளை, நாளைக்குக் கூலி வாங்குமிடத்தில் கேட்பான்; ரேஷன் கடைத் தராசின் முன் கேட்பான்; ஜாதகம் எழுதுகிறவரிடம் கேட்பான்; பிறப்பினால் உயர்வு தாழ்வு என்று சொல்லுகிறவரிடமும் கேட்பான். அன்றைக்கு அவர்கள் பதில் சொல்ல முடியாமல் விழிப்பார்கள்.

கேட்பது மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால், அளக்காமல் ஒரு பிள்ளையைத் தோற்றவன் என்று சொல்வதுதான் மரியாதைக் குறைவு என்று பதில் சொல்லுங்கள். இனி எந்தத் தகப்பனும் தன் மகனைப் பார்த்து "அதுவே போதும்" என்று சொல்ல வேண்டிய அவசியம் இந்த மைதானத்தில் ஏற்படக் கூடாது. ஜெயித்தால் ஜெயித்தாய் என்றும், தோற்றால் இவ்வளவில் தோற்றாய், அடுத்த வருஷம் வா என்றும் சொல்லக்கூடிய நிலைமை வர வேண்டும்.

அந்த நிலைமையை உங்கள் நாடாவாலும் கெடியாரத்தாலும் ஆரம்பித்து வைத்திருக்கிறீர்கள் என்பதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறோம்.